சாவிக்காரன்

விடியற்காலை நாலு மணி.
ஆண்டாப்ஹில் இரண்டாம் வால்வுக்கு
அறுபத்திரண்டு சுற்று.
என் நெஞ்சுயரம் இரும்புச் சாவி.
சாவி என்ற சொல்லை மட்டும்
இந்த ஊரில் நான் மொழிபெயர்க்க வேண்டி வந்ததில்லை.

நாற்பத்தோராவது சுற்றில்
விலாவுக்குக் கீழே யாரோ
எனக்குள் எதையோ இறுக்கினார்கள்.
குத்தவைத்தேன், குப்புறப் படுத்தேன், எழுந்தேன்.
எப்படி இருந்தாலும் வலிக்கு வசதியாக இருந்தது.
காம்ப்ளே மிச்சச் சுற்றை முடித்துவிட்டுத்தான்
டாக்சி பிடித்தான்.
குறை சொல்லமாட்டேன்.
தண்ணீர் வரும் நேரம் அது.

சயான் ஆஸ்பத்திரியில்
ஸ்கேன் எடுத்த பெண்ணின் பேர் ருதுஜா.
ஜில்லென்று களிம்பு தடவித்
திரையை என் பக்கம் திருப்பினாள்.
வலது சிறுநீரகம் கொஞ்சம் தாழ இருந்தது.
பயந்துவிட்டேன்.
மேலே கல்லீரல் உட்கார்ந்திருக்கு,
எல்லாருக்கும் அப்படித்தான் என்றாள்,
மாடிவீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து லட்சம் வடிகட்டியாம்.
முடிச்சு முடிச்சாய் ரத்தக்குழல்,
முடிச்சைத் தாங்க ஒரு கிண்ணம்,
கிண்ணத்திலிருந்து வளைந்து வளைந்து ஒரு நூல்குழல்.
நாளொன்றுக்கு நூற்றெண்பது லிட்டர் வடிகிறது,
வெளியே போவது ஒன்றரைதான்.
மற்றதெல்லாம் ரத்தத்துக்கே திரும்புகிறது:
உப்பு, வேண்டியமட்டும்.
சர்க்கரை, துளி விடாமல்.
தண்ணீர், உடம்பு கேட்ட அளவுக்கு.

இருபத்துநாலு வருஷம்
இந்த நகரத்துக்குத் தண்ணீர் விட்டவன் நான்.
எந்தத் தெருவில் எவ்வளவு கசியும் என்று தெரியும்.
அந்தக் கணக்கைக் கேட்டபோது
வலிக்கு முன்னால் வெட்கம் வந்தது.

அங்கிருந்து பைக்கு
ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாய் ஒரு குழாய்.
வாட்டம் பார்த்துப் போட்டதில்லை,
தலைகீழாய்த் தொங்கினாலும் ஓடும்.
பிதுக்கி, விட்டு, பிதுக்கி, விட்டு,
தீர்ந்துபோன பற்பசையைப்
புஷ்பக்கனி இன்னும் நாலு நாளைக்கு இழுப்பதுபோல.

பைக்குள் அது நேரே நுழைவதில்லை.
சுவருக்குள்ளேயே சாய்வாகக் கொஞ்சம் நடந்து
அப்புறம்தான் வாய் திறக்கிறது.
பை நிறைந்தால் சுவரே அதை அமுக்கிவிடும்.
ஒரு சொட்டு மேலே ஏறாது.
சுற்றவே வேண்டாத வால்வு.

அந்த வாசற்படியில்தான்
ஐந்து மில்லிமீட்டர் கல்
காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?
பதில் சொல்லவில்லை.
என் ஷிஃப்டில் பன்னிரண்டு வால்வு.
வழியில் ஒதுங்க ஒரே இடம்,
அதுவும் பூட்டியிருக்கும்,
அந்தச் சாவி என்னிடம் இல்லை.
எத்தனையோ வாய்க்குத் திறந்துவிட்டு
நிரப்பிய பாட்டிலை
நிரப்பியபடியே வீட்டுக்குக் கொண்டுவருவேன்.

பையின் வாயில் இரண்டு பூட்டு என்றாள் ருதுஜா.
உள்பூட்டு யாரையும் கேட்காமல் திறக்கும்.
வெளிப்பூட்டு நம் சொல் கேட்கும்.
இரண்டு வயதில், ஜட்டியோடு நிற்கவைத்துத்
திட்டித் திட்டிக்
கையில் கொடுத்த முதல் சாவி.
அதை இத்தனை வருஷம்
ஒரே பக்கமாய்த் திருகியிருக்கிறேன்.

மூன்று லிட்டர் குடி என்றார்கள். குடித்தேன்.
பக்கத்து வீட்டிலிருந்து வாழைத்தண்டுச் சாறும் வந்தது.
வடிகட்டிப் பார் என்றார்கள்.
புஷ்பக்கனி டீக்குப் புதிது வாங்கிக்கொண்டு
பழையதன் பிடியில் சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள்,
கம்பிவலையில் ‘டிக்’.
மிளகளவு. பழுப்பு. சுற்றிலும் முள்.
இவ்வளவுதானா நீ.
காகிதத்தில் மடித்து
லேபுக்குக் கொடுக்கச் சட்டைப்பையில் வைத்தேன்.

மறுநாள் நாலு மணி.
காம்ப்ளே பாட்டிலை நீட்டினான், காலிசெய்தேன்.
முப்பதாவது சுற்றில் முட்டியது.
சாவியை நிறுத்திவிட்டு
டாங்கர் மறைவுக்குப் போனேன்.
தெளிந்த நிறத்தில், அவசரமில்லாமல்.

ஆறு நிமிஷம் தாமதம் என்று
ஆபீஸில் புகார் ஏறியிருந்தது.
காரணம் என்று கேட்ட கட்டத்தில்
‘வால்வு’ என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.